காலி செய்யக் கோரும் நோட்டீஸ்: வாடகைதாரருக்கு எஞ்சியிருக்கும் நாட்கள் எத்தனை?

புது டெல்லி: வீட்டு உரிமையாளர் வழக்கறிஞர் மூலம் அனுப்பும் நோட்டீஸ் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். இத்தனை நாட்களுக்குள் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்க வேண்டும், தவறினால் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும், அதற்கான செலவும் இழப்பீடும் வாடகைதாரரையே சேரும் என்பது அதன் சாரம். அதைப் படித்ததும் அச்சத்தில் அவசர அவசரமாக வேறு வீடு தேடிப் புறப்படுவோர் ஒரு சாரார். நீதிமன்றத்தில் பார்த்துக் கொள்ளலாம் என்று அதை அலமாரியில் போட்டுவிட்டு மறந்து விடுவோர் மறு சாரார். இரு தரப்பினரும் இழப்பைச் சந்திக்கின்றனர். இரண்டாம் தரப்பினரின் இழப்பே பெரும்பாலும் அதிகம்.

நோட்டீஸ் என்பது வெளியேற்றும் உத்தரவு அல்ல. ஒருவரை வீட்டிலிருந்து வெளியேற்றும் அதிகாரம் நீதிமன்றத்துக்கோ, சட்டத்தால் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரிக்கோ மட்டுமே உண்டு. ஆனால் நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. வாடகை பாக்கியைச் செலுத்துவதற்கு ஒரு கெடு, வழக்கு வந்தபின் பதில் அளிப்பதற்கு வேறொரு கெடு என்று சட்டம் நாட்களை வகுத்து வைத்துள்ளது. வாடகை வழக்குகளில் வாடகைதாரர் தோற்பது பல நேரங்களில் அவர் பக்கம் நியாயம் இல்லாததால் அல்ல, இந்த நாட்களைத் தவறவிட்டதால்தான்.

எந்தச் சட்டம் பொருந்தும்?

நாடு முழுமைக்கும் பொதுவான வாடகைச் சட்டம் இந்தியாவில் இல்லை. வாடகைக் கட்டுப்பாடு மாநிலங்களின் கையில் உள்ளது. டெல்லிக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம், மகாராஷ்டிராவுக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம், உத்தரப் பிரதேசத்துக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு விதி. இவற்றின் பாதுகாப்பு வளையத்துக்குள் வராத வாடகைதாரர்களுக்கு, ஆங்கிலேயர் காலத்தில் 1882இல் இயற்றப்பட்ட சொத்து மாற்றுச் சட்டமே பொருந்துகிறது.

வளையத்துக்கு வெளியே இருப்பவர்கள் சிலர்தானே என்று எண்ணிவிட முடியாது. டெல்லியில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டினால் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. கர்நாடகத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டமும் பெங்களூரு போன்ற பெருநகரங்களில் 3,500 ரூபாய் என்ற வரம்பையே வைத்துள்ளது. இன்று இந்த நகரங்களில் 3,500 ரூபாய்க்குச் சுமாரான வீடு கிடைப்பதே அரிது. எனவே வேலைக்காகவும் படிப்புக்காகவும் இந்நகரங்களில் குடியேறியவர்களில் பெரும்பாலோர், தமிழர்கள் உட்பட, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில் இல்லை. பல்லாண்டுகளுக்கு முன் குறைந்த வாடகைக்குக் குடியேறி அங்கேயே இருப்பவர்களுக்குத்தான் அந்த நிழல்.

இரு பிரிவினருக்கும் உள்ள வேறுபாடு பெரியது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருப்பவரை வெளியேற்ற, சட்டம் பட்டியலிட்டுள்ள காரணங்களில் ஏதேனும் ஒன்றை உரிமையாளர் நிரூபித்தாக வேண்டும். வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல், கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தல், உரிமையாளரின் சொந்தத் தேவை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ் இருக்கும் மாதாந்திர வாடகைதாரருக்கோ, காரணம் எதுவும் கூறாமலேயே 15 நாள் நோட்டீஸில் வாடகை உறவை முடித்து விடலாம். ஒப்பந்தத்தில் ஒரு மாதம் அல்லது இரண்டு மாதம் என்று எழுதப்பட்டிருந்தால் அதுவே செல்லும். ஒப்பந்தம் ஏதும் சொல்லாத நிலையில்தான் 15 நாள் கணக்கு.

எனவே நோட்டீஸ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதில் உள்ள மிரட்டல் வரிகளை அல்ல. வாடகை ஒப்பந்தத்தையும், மாத வாடகைத் தொகையையும், வீடு எந்த மாநிலத்தில் எந்தச் சட்டத்தின் எல்லைக்குள் உள்ளது என்பதையும்தான். ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலம் இன்னும் முடியவில்லை என்றால், இடையில் காலி செய்யச் சொல்ல உரிமையாளருக்கு அதே ஒப்பந்தத்தில் அனுமதி இருக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். காலம் முடிந்து விட்டிருந்தால், காலி செய்யக் கோருவதற்குத் தனி நோட்டீஸ்கூடத் தேவையில்லை.

வாங்க மறுத்தாலும் வந்ததாகவே பொருள்

தபால்காரர் கொண்டுவரும் உறையை வாங்க மறுத்தால் நோட்டீஸ் செல்லாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது தவறு. சரியான முகவரிக்கு அனுப்பப்பட்ட தபாலை ஒருவர் மறுத்துத் திருப்பி அனுப்பினால், அது அவருக்குச் சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் கருதுகின்றன. குடும்பத்தினரிடம் கொடுப்பதும், அது இயலாதபோது வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுவதும் சொத்து மாற்றுச் சட்டம் ஏற்கும் முறைகளே. மறுப்பதால் கிடைக்கும் ஒரே பலன், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவதுதான்.

நோட்டீஸில் உள்ள சிறு பிழைகளைக் காட்டித் தப்பித்து விடலாம் என்ற எண்ணமும் இன்று பெரிதாக உதவாது. முன்பு நோட்டீஸ் காலம் வாடகை மாதத்தின் முடிவோடு சரியாகப் பொருந்த வேண்டும் என்ற விதி இருந்தது. ஒரு நாள் முன்பின் ஆனாலும் வழக்கு விழுந்து விடும். 2002ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. இப்போது நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்தே 15 நாள் கணக்கிடப்படுகிறது. நோட்டீஸில் குறைவான நாட்கள் குறிப்பிடப்பட்டிருந்தாலும், உரிய காலம் கடந்த பிறகு வழக்குத் தொடரப்பட்டிருந்தால் அந்தக் குறை ஒரு பொருட்டல்ல. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள் வழக்கில், 1979இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இன்னொன்றையும் தெளிவுபடுத்தியது. மாநில வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியேற்றக் கோரும்போது, சொத்து மாற்றுச் சட்டம் கூறும் நோட்டீஸ் அவசியமே இல்லை என்பதே அது.

பதில் நோட்டீஸ் அனுப்புவது கட்டாயமில்லை. ஆனால் அனுப்பாமல் இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. பாக்கி இருப்பதாகக் கூறப்பட்டு, உண்மையில் பாக்கி இல்லையெனில், மாதவாரியாகச் செலுத்திய தேதியும் தொகையும் அந்தப் பதிலில் இடம்பெற வேண்டும். முன்பணம் எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதையும் அப்போதே எழுத்தில் பதிந்து விடுவது பின்னாளில் பெரிதும் உதவும்.

வாடகையை நிறுத்துவதே பெரும் பிழை

நோட்டீஸ் வந்தபின் கோபத்தில் வாடகையை நிறுத்திக் கொள்வது, அல்லது முன்பணத்தில் கழித்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது பரவலாகக் காணப்படும் பழக்கம். உரிமையாளருக்கு இதைவிட எளிதான வழக்கை யாரும் தயாரித்துத் தர முடியாது. வேறு எந்தக் காரணமும் இல்லாத உரிமையாளருக்குக்கூட வாடகை பாக்கி என்ற காரணம் அந்த நொடியில் கிடைத்து விடுகிறது.

ஏற்கெனவே பாக்கி இருப்பவர்களுக்குச் சட்டம் ஒரு வாய்ப்பைத் தருகிறது. டெல்லியில் பாக்கி கோரும் நோட்டீஸ் கிடைத்து இரண்டு மாதங்களுக்குள் அதைச் செலுத்தி விட்டால், அந்தக் காரணத்தின் பேரில் வெளியேற்ற முடியாது. மகாராஷ்டிராவில் நோட்டீஸ் கொடுத்து 90 நாட்கள் கடந்த பிறகே உரிமையாளர் வழக்குத் தொடர முடியும். வழக்கு வந்த பின்னும், அழைப்பாணை கிடைத்த 90 நாட்களுக்குள் பாக்கியை 15 சதவீத வட்டியுடனும் வழக்குச் செலவுடனும் நீதிமன்றத்தில் கட்டினால் வெளியேற்றத் தீர்ப்பு வராது. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இந்த அவகாசத்தை ஒரு மாதமாகச் சுருக்கி விட்டது. டெல்லிச் சட்டம் இந்தச் சலுகையை வழக்கு வந்தபின் ஒருமுறைதான் தரும். அதன்பின் தொடர்ந்து மூன்று மாதம் பாக்கி வைத்தால் சலுகை கிடையாது.

உரிமையாளரே வாடகையை வாங்க மறுத்தால்? இது பழைய உத்தி. பணத்தை வாங்காமல் இருந்து பாக்கியை உருவாக்கிப் பின்னர் அதையே காரணமாகக் காட்டுவது. பெரும்பாலான வாடகைச் சட்டங்கள், வாடகையை வாடகை அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ செலுத்தும் வழியை வைத்திருப்பது இதற்காகத்தான். ஆனால் அந்த வழியில் ஒரு படியையும் தாண்டிச் செல்லக் கூடாது. இ.பழனிசாமி எதிர் பழனிசாமி வழக்கு இதற்குச் சான்று. தமிழ்நாட்டின் பழைய வாடகைச் சட்டப்படி, உரிமையாளர் வாடகையை மறுத்தால் முதலில் அவரிடம் வங்கிக் கணக்கைக் குறிப்பிடுமாறு கேட்க வேண்டும், பின்னர் மணியார்டர் அனுப்ப வேண்டும், அதையும் மறுத்தால்தான் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியை அணுக வேண்டும். வாடகைதாரர் இடைப்பட்ட படிகளை முறையாகப் பின்பற்றாமல் தொகையைச் செலுத்தினார். பணம் கட்டும் மனம் அவருக்கு இருந்தது என்பது அவரைக் காக்கவில்லை. சட்டம் தரும் சலுகையைப் பெற அது சொல்லும் முறையை அப்படியே பின்பற்றியாக வேண்டும், இரக்கத்துக்கு இங்கு இடமில்லை என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் எடுத்தது. கடுமையான தீர்ப்புதான். ஆனால் இன்றளவும் வாடகை வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுவது அதுவே.

ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் இருப்பவர்களே இதில் அதிகம் சிக்குகின்றனர். வங்கிக் கணக்கு வழியாகவோ யுபிஐ மூலமாகவோ, எந்த மாத வாடகை என்ற குறிப்புடன் அனுப்பும் தொகைக்குச் சாட்சி தானாகவே உருவாகி விடும். இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு. நோட்டீஸ் காலம் முடிந்த பிறகும் உரிமையாளர் வாடகையை வாங்கிக் கொண்டால் நோட்டீஸ் தானாகவே ரத்தாகி விடும் என்பது அது. வாங்கியது மட்டும் போதாது, வாடகை உறவைத் தொடரும் எண்ணம் உரிமையாளருக்கு இருந்தது என்பதும் தெரிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறியுள்ளது.

பூட்டை உடைப்பதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும்

நோட்டீஸ் காலம் முடிந்த மறுநாளே உரிமையாளர் ஆட்களுடன் வந்து பூட்டு மாற்றுவதும், ஃபியூஸைப் பிடுங்குவதும், தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும் சட்டத்துக்குப் புறம்பானவை. அமைதியாகக் குடியிருந்து வரும் ஒருவருக்கு அங்கே இருக்கும் உரிமை முடிந்துவிட்டது என்றே வைத்துக் கொண்டாலும், சட்டத்தின் வழியாக அன்றி அவரை வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை என்பது 1989இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய கொள்கை.

அப்படி வெளியேற்றப்பட்டவருக்கு 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆவது பிரிவு வலிமையான கருவி. வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அவ்வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்வியே எழாது. வழக்குத் தொடுத்தவர் அங்கே குடியிருந்தாரா, சட்டப்படி அன்றி வெளியேற்றப்பட்டாரா என்பவை மட்டுமே பார்க்கப்படும். தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது. வெளியேற்றும் முயற்சி நடக்கும் என்ற அச்சம் இருக்கும்போதே உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கோரலாம்.

மின்சாரம், தண்ணீர் போன்றவற்றைத் துண்டிப்பதற்கு எதிராக டெல்லி, மகாராஷ்டிரா, தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் சட்டங்களில் தனிப் பிரிவே உள்ளது. ஆட்கள் வந்து மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் அளித்து அதன் பதிவு எண்ணைப் பெறுவது அவசியம். இது வீட்டுத் தகராறு, நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பப்படும் அனுபவம் பலருக்கு உண்டு. வாடகைப் பூசல் உரிமையியல் விவகாரம் என்பது உண்மைதான். அத்துமீறி வீட்டுக்குள் நுழைவதும் மிரட்டுவதும் குற்றவியல் விவகாரம்.

அழைப்பாணை வந்த பிறகு

நோட்டீஸை அலட்சியம் செய்தவர்கள்கூடத் தப்பிக்க வழி உண்டு. நீதிமன்ற அழைப்பாணையை அலட்சியம் செய்தவர்களுக்கு அது அநேகமாக இல்லை. சாதாரண உரிமையியல் வழக்கில் எழுத்துமூலப் பதிலுரைக்கு 30 நாட்கள், தக்க காரணம் இருந்தால் 90 நாட்கள் வரை அவகாசம் உண்டு. ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டால் அதை நீக்கக் கோரி 30 நாட்களுக்குள் மனுச் செய்யலாம்.

டெல்லியில் உரிமையாளர் தன் சொந்தத் தேவைக்காகக் கேட்கும் வழக்கு இதிலிருந்து முற்றிலும் வேறு. அங்கே வாடகைதாரருக்கு எதிர்வாதம் செய்யும் உரிமை தானாகக் கிடைப்பதில்லை. எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்டு, அழைப்பாணை கிடைத்த 15 நாட்களுக்குள் பிரமாணப் பத்திரத்துடன் மனுச் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உரிமையாளர் கூறியவை அனைத்தும் ஒப்புக் கொள்ளப்பட்டதாகக் கருதப்பட்டு வெளியேற்ற உத்தரவு பிறப்பிக்கப்படும். இந்த 15 நாள் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரமே வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு இல்லை என்று பிரித்திபால் சிங் எதிர் சத்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பல்லாண்டுகள் குடியிருந்த வீட்டை 16ஆவது நாளில் இழக்க நேரிடலாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

சொந்தத் தேவை உண்மையானதா என்பதைக் கேள்வி கேட்க வாடகைதாரருக்கு உரிமை உண்டு. எனினும் தன் தேவையைத் தீர்மானிப்பவர் உரிமையாளரே, அவர் இந்த அறையில் வாழலாம், அந்த மாடியில் வாழலாம் என்று வாடகைதாரர் யோசனை சொல்ல முடியாது என்பதே நீதிமன்றங்களின் போக்கு. அவருக்கு அதே நகரில் காலியாக வேறு பொருத்தமான வீடு இருக்கிறது என்பதை ஆவணத்துடன் காட்டுவதே பயன் தரும் எதிர்வாதம். சொந்தத் தேவைக்காகப் பிறப்பிக்கப்படும் உத்தரவை, டெல்லியில் ஆறு மாதம் கழிந்த பிறகே நிறைவேற்ற முடியும். அவ்வாறு பெற்ற வீட்டை உரிமையாளர் மூன்றாண்டுகளுக்குள் அனுமதியின்றி வேறொருவருக்கு வாடகைக்கு விட்டால், பழைய வாடகைதாரர் மீண்டும் அதிகாரியை அணுகலாம்.

11 மாத ஒப்பந்தத்தின் விலை

நாட்டில் பெரும்பாலான வீடுகள் 11 மாத ஒப்பந்தத்தில் விடப்படுவதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற சட்டம்தான். பதிவுக் கட்டணம் மிச்சம். பதிவு செய்யாததால் வாடகைதாரர் என்ற நிலை பறிபோவதில்லை. வீடு ஒப்படைக்கப்பட்டு வாடகை பெறப்பட்டிருந்தால் மாதாந்திர வாடகைதாரர் என்ற நிலை உண்டு என உச்ச நீதிமன்றம் 2000இல் கூறியுள்ளது. ஆனால் மாதாந்திர வாடகைதாரர் என்றாலே 15 நாள் நோட்டீஸ்தான். மகாராஷ்டிராவில் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யும் பொறுப்பு உரிமையாளருடையது. அவர் தவறினால், மாறாக நிரூபிக்கப்படும் வரை நிபந்தனைகள் குறித்து வாடகைதாரர் கூறுவதே ஏற்கப்படும். தமிழ்நாட்டிலோ, எழுத்துமூல ஒப்பந்தம் செய்து கொள்ளத் தவறியதே வீட்டைத் திரும்பப் பெறுவதற்கான காரணங்களில் ஒன்றாகச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. யார் தவறியது என்ற கேள்விக்கு அப்பால், இழப்பு வாடகைதாரரையே சேர்கிறது.

இவ்வாறு பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே இருப்பவர் நீதிமன்றத்தில் வெல்லும் வாய்ப்பு குறைவு. கிடைப்பது காலம் மட்டுமே. அந்தக் காலத்துக்கும் விலை உண்டு. வெளியேற்றத் தீர்ப்புக்குப் பின் மேல்முறையீட்டில் தடை பெறுபவர், பழைய வாடகையை அல்ல, சந்தை மதிப்பிலான தொகையைச் செலுத்த நேரிடும் என்று ஆத்மா ராம் பிராப்பர்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. மாதிரி வாடகைச் சட்டமோ, காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரட்டிப்பும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும் என்கிறது. வழக்குகளை விரைவாக முடிக்கவே இச்சட்டம் என்று அரசு கூறுகிறது. விரைவு இரு தரப்புக்கும் பொது என்றாலும், வீட்டை இழப்பவர் ஒருவர்தான்.

நோட்டீஸ் வங்கியிடமிருந்து வந்தால்

வாடகையைத் தவறாமல் கட்டி வருபவருக்கும், உரிமையாளர் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனைக் கட்டாததால் வங்கியின் நோட்டீஸ் கதவில் ஒட்டப்படலாம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு பெற்றவரை, கடன் மீட்புக்கான சர்பாசி சட்டத்தைக் காட்டி நேரடியாக வெளியேற்ற முடியாது என்று 2016இல் விஷால் கல்சாரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாடகைதாரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகும் வழியும் அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் தெளிவாக்கப்பட்டது. ஆனால் 2019இல் மூன்று நீதிபதிகள் அமர்வு, வாய்மொழியாகவோ பதிவு செய்யாத ஒப்பந்தத்தின் பேரிலோ குடியிருப்பவர் ஓராண்டுக்கு மேல் உரிமை கோர முடியாது என்று எல்லை வகுத்தது. இங்கும் வீட்டைக் காப்பது பதிவு செய்த காகிதமே.

இலவச சட்ட உதவியும் சமரசமும்

வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். தேசிய உதவி எண் 15100.

பாதுகாப்பு குறைவான வாடகைதாரருக்கு, பள்ளி ஆண்டு முடியும் வரை அல்லது குறிப்பிட்ட ஒரு தேதி வரை அவகாசம் கேட்டுப் பேசி முடிப்பது பல வேளைகளில் வழக்கைவிட நல்ல முடிவைத் தரும். அந்த உடன்பாடு வாய்ச்சொல்லாக நின்றுவிடக் கூடாது. லோக் அதாலத்தில் பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. காலி செய்யும் தேதி, அதுவரையிலான வாடகை, முன்பணத்தில் எதற்காக எவ்வளவு பிடிக்கப்படும், மீதி எந்த நாளில் தரப்படும் ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். மாதிரி வாடகைச் சட்டப்படி, பிடித்தம் போக எஞ்சிய முன்பணம் வீட்டை ஒப்படைக்கும்போதே திருப்பித் தரப்பட வேண்டியது. சாவியைக் கொடுத்ததற்கான கையொப்பம், மின் மீட்டர் அளவின் புகைப்படம், சுவர்களும் குழாய்களும் இருந்த நிலையைக் காட்டும் படங்கள் ஆகியவை கையில் இல்லாமல் வெளியேறுபவர், வீட்டுக்காக நடக்காத வழக்கை முன்பணத்துக்காக நடத்த வேண்டியிருக்கும்.